மெசின் வேண்டாம், ஆளைத் தாருங்கள்

மாகாணத்தில் சுகாதாரத்துக்குப் பொறுப்பாக இருக்கும் ஐயாமாருக்கும் அம்மாமாருக்கும்,

வணக்கம். திருகோணமலையில் பிசியோ, அதாவது உடற்பயிற்சி கொடுத்துப் பழக்கும் இயன்மருத்துவர், வேலைக்கு ஆள் இல்லாமல் வெற்றிடம் இருப்பது பற்றி உங்களுக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. போன கிளினிக்கில் அதைக் கேட்டதற்கு "நடைப்பயிற்சி மெசின் கேட்டு எழுதியிருக்கு, வந்ததும் பார்ப்போம்" என்று அனுப்பிவிட்டார்கள். அதனால்தான் எல்லோரும் பார்க்க எழுதுகிறேன்.

என் தம்பி மூதூரில் தென்னையால் விழுந்தவன். முள்ளந்தண்டு நரம்பு முழுதாக அறவில்லை. கால்விரல் அசையும், முழங்காலை ஓரளவு நீட்டுவான். இப்படியானவர்களைப் பழக்கினால் நடக்க வாய்ப்பிருக்கிறது.

அவனுக்குக் கிடைப்பது அரை மணித்தியாலம். கலிப்பரின், அதாவது காலைத் தாங்கக் கட்டும் சட்டத்தின், வாரை இறுக்கவே பாதி போய்விடும். இறுக்கியதும் கால் தானாக வெட்டி இழுக்கத் தொடங்கும். அடங்கும்வரை முழங்காலை அமத்திப் பிடிக்க வேண்டும். அப்புறம் நடை பழக இரு பக்கமும் போட்டிருக்கும் இரண்டு கம்பியையும் பிடித்து எழும்புவான். சட்டை முதுகோடு ஒட்டிவிடும். ஓர் அடி, இன்னோர் அடி. கம்பியின் மறுமுனைக்குப் போகுமுன் அடுத்த இலக்கத்தைக் கூப்பிடுவார்கள். பிசியோ மிஸ்ஸில் பிழையில்லை, வாங்கு நிறையச் சனம். அடுத்த தவணை அடுத்த மாதம்.

திரும்பத் திரும்ப அடியெடுத்து வைத்தால்தான் நரம்பு பழகும். அதுவும் முதல் வருசத்துக்குள்தான் கூடுதலாகத் தேறும். மாதத்துக்கு ஒருக்கா நடந்து என்ன பழகுவது?

மெசின் கதைக்கு வருகிறேன். அமெரிக்காவிலும் கனடாவிலும் செய்து 2006இல் வெளிவந்த ஆய்வொன்றில், உடம்பைப் பட்டியால் தாங்கி ஓடுபட்டை மெசினில் நடத்தியவர்களுக்கும் தரையில் பழகியவர்களுக்கும் 12 வாரம் பயிற்சி கொடுத்தார்கள். நடையில் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டு பகுதிக்கும் பழக்கிவிட ஆளும் ஒழுங்கான நேரமும் இருந்தன. எங்களுக்கும் ஆளைத் தாருங்கள்.

டிசம்பர் 3, மாற்றுத்திறனாளிகள் தினம் வந்தால் மட்டும் ஆளுக்குக் குறைவில்லை. மாலை, பதாகை, படம். அப்படித் தந்து தம்பியிடம் இப்போது சக்கர நாற்காலி இரண்டு இருக்கிறது; ஒன்றில் அம்மா உடுப்புக் காயப்போடுகிறா. மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்கான 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், அதே உரிமைக்காக 2016இல் இலங்கை ஏற்ற ஐ.நா. சமவாயம் எல்லாம் மேடையில் முழங்கும். அந்த மேடைக்கு ஏறச் சாய்தளம் இராது. சரி, அதை விடுங்கள்.

தயவுசெய்து வெற்றிடத்தை நிரப்புங்கள். அதுவரை கிழமைக்கு இரண்டு நாளாவது மூதூர்ப் பக்கம் ஒரு பிசியோவை அனுப்புங்கள். வீட்டில் எப்படிப் பிடித்து நடத்துவதென்று எங்களுக்கும் அவர் காட்டித்தரட்டும். கம்பி இரண்டை ஊர் வெல்டிங் கடையில் நாங்களே அடித்துக்கொள்வோம். ஆள் எந்தக் கிழமை வருவார் என்று மட்டும் எழுதி அறிவியுங்கள்.

இப்படிக்கு,
மூதூரிலிருந்து ஓர் அக்கா