மால்வேர்ன் வட்டாரத்துக்குத் தமிழ் பேசும் நிரந்தரச் சுகாதாரத் தூதர்கள் வேண்டி மனு

பெறுநர்:
பொதுச் சுகாதாரத் தலைமை மருத்துவ அதிகாரி அவர்கள்,
ரொறன்ரோ மாநகரம்.

அனுப்புநர்:
மால்வேர்ன் வட்டாரத் தமிழ்க் குடியிருப்பாளர்கள்,
ஸ்காபரோ.

பொருள்: கோவிட் காலத்தில் வீடுவீடாக வந்த சமூகத் தூதர்களை, அடுத்த தொற்றுக்குக் காத்திராமல், நிரந்தரமாக நியமிக்கக் கோருதல்.

மதிப்புக்குரிய அதிகாரி அவர்களுக்கு,

வணக்கம். இந்த மனுவின் ஆங்கில மொழிபெயர்ப்பைப் பின்னால் இணைத்திருக்கிறோம். எங்கள் பிள்ளைகள் செய்து தந்தது. மூலம் தமிழ்தான். கையெழுத்திட்டவர்களில் வயதானவர்கள் பலர், தாங்கள் வாசிக்க முடியாத தாளில் கையெழுத்துப் போட மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். நியாயம்தானே.

2020 மே 20 முதல் யூலை 16 வரை உங்கள் அலுவலகம் திரட்டிய கோவிட் தரவை நாங்கள் இன்னும் மறக்கவில்லை. இனம் பற்றிய கேள்விக்குப் பதில் சொன்ன நோயாளிகளில் 83 வீதமானோர் வெள்ளையர் அல்லாதோர். நகர மக்கள்தொகையில் அவர்களின் பங்கு 52 வீதம்தான். கறுப்பின மக்கள் நகர மக்கள்தொகையில் 9 வீதம், நோயாளிகளில் 21 வீதம். எங்களையும் உள்ளடக்கிய தெற்காசியர், இந்தோ-கரிபியர் பிரிவு தொகையில் 13 வீதம், நோயாளிகளில் 20 வீதம். ஒன்ராறியோ மாகாணம் இனவாரியாக எண்ணத் தயங்கிக்கொண்டிருந்த நேரத்தில் நகரம் எண்ணத் தொடங்கியது. அதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும்.

எங்கள் இரத்தத்தில் ஏதோ குறை என்று எவரும் எண்ண வேண்டாம். அதே கணக்கில் நோயாளிகளில் 51 வீதம் வருமானம் குறைந்த வீடுகளைச் சேர்ந்தவர்கள் என்பதும் இருக்கிறது. நகரத்தில் அப்படிப்பட்டவர்கள் 30 வீதம். ஊர் முழுக்க வீட்டிலிருந்து கணினியில் வேலை செய்தபோது, எங்கள் பெண்கள் முதியோர் இல்லங்களில் பராமரிப்பு வேலைக்குப் போனார்கள். ஆண்கள் விடியற்காலை ஏஜென்சி வானில் நெருக்கியடித்து ஏறிப் பண்டகசாலைக்குப் போனார்கள். வானை விட்டால் நெரிசல் பஸ். திரும்பி வந்தால், மேலே ஒரு குடும்பம், பேஸ்மென்றில் இன்னொரு குடும்பம், நடுவில் நீரிழிவுக்கு மாத்திரை எடுக்கும் அம்மம்மா. "தனி அறையில் இருங்கள், தனிக் குளியலறையைப் பயன்படுத்துங்கள்" என்று துண்டுப் பிரசுரத்தில் எழுதியவர் எங்கள் வீட்டுக்குள் வந்து பார்த்திருக்க மாட்டார்.

ஒரு சம்பவத்தைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். 2020 செப்டம்பரில் நகரம் 140 அறைகளோடு ஒரு தனிமைப்படுத்தல் விடுதியைத் திறந்தது. வீட்டில் இடமில்லாதவர்கள் போய் இலவசமாகத் தங்கலாம். அருமையான ஏற்பாடு. எங்கள் தெருவில் ஒரு தாயாருக்குத் தொற்று உறுதியானதும் ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. எந்த அலுவலகத்திலிருந்து என்பது இப்போது முக்கியமில்லை. இணைப்பில் இருந்த மொழிபெயர்ப்பாளர் "உங்களைத் தனிமைப்படுத்தல் முகாமுக்கு அனுப்பலாம்" என்றார். அகராதிப்படி அதில் பிழை சொல்ல முடியாது. ஆனால் அந்த அம்மா 2009 இல், இலங்கைப் போரின் முடிவில் தமிழ் மக்களை அடைத்து வைத்த மெனிக் பாம் முகாமில், முள்வேலிக்குள் இருந்தவர். "முகாம்" என்ற சொல் காதில் விழுந்ததும் தொலைபேசியை வைத்துவிட்டார். பிறகு வந்த எந்த அழைப்பையும் எடுக்கவில்லை. ஒரு வாரத்துக்குள் அந்த வீட்டில் ஏழு பேருக்கும் காய்ச்சல்.

அந்த அலுவலகத்தின் சார்பில் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் பேசியிருந்தால் "அம்மா, ஒரு ஹோட்டல் அறை, சாப்பாடு தருவினம், வாசல் பூட்டமாட்டினம், விரும்பினால் வீட்டுக்கு வரலாம்" என்று சொல்லியிருப்பார். நாங்கள் கேட்பது இந்த ஆளைத்தான்.

அப்படிப்பட்ட ஆட்கள் பிறகு வந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 2020 டிசம்பரில் மாகாணம் 15 சமூகங்களுக்கென 125 இலட்சம் டொலர் ஒதுக்கியது. நகரமும் அயல்களில் தூதர்களை அமர்த்தியது. 2021 வசந்தத்தில் எங்கள் கட்டடத்துக்கு வந்தவர்கள் மூன்றாம் மாடிப் பெண்ணும், கோயிலில் அன்னதானத்துக்குப் பரிமாறும் தம்பியும்தான். அவர்களுக்கு யார் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று தெரியும். மாகாணத்தின் தடுப்பூசி முன்பதிவுத் தளம் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும்தான் இருந்தது. அவர்கள் சமையலறை மேசையில் இருந்து தங்கள் கைத்தொலைபேசியிலேயே பதிந்து தந்தார்கள். ஊசி போட்டால் பிள்ளைப்பேறு இல்லாமல் போகும் என்று வட்ஸ்அப்பில் சுற்றிய குரல்பதிவைக் கேட்டுப் பயந்திருந்த இளம் பெண்களோடு மணிக்கணக்காக இருந்து கதைத்தார்கள். திட்டவில்லை, சிரிக்கவில்லை.

எங்கள் அயலவர்களிடமும் இதையே பார்த்தோம். மால்வேர்னில் கறுப்பின மக்களுக்காக இயங்கும் தாய்பு சமூக சுகாதார நிலையம் இருக்கிறது. தடுப்பூசி தொடர்பாகக் கறுப்பின விஞ்ஞானிகளின் செயலணி ஒன்று இணையவழியில் மக்கள் கூட்டங்களை நடத்தியது. நிறவெறியால் பட்ட பழைய காயங்களை மறைக்காமல் பேசிவிட்டுத்தான் ஊசியைப் பற்றிப் பேசினார்கள். நம்பிக்கை அந்த வரிசையில்தான் வரும்.

ஆட்கள் தயாரானபோது மருந்து வரவில்லை. அதுவும் நடந்தது. 2021 ஏப்ரலில் மருந்து போதாமல் ஸ்காபரோவில் இரண்டு தடுப்பூசி நிலையங்கள் நிறுத்தப்பட்டு, சுமார் 10,000 முன்பதிவுகள் ரத்தாகின. "வாங்கோ, வாங்கோ" என்று கூப்பிட்ட தூதர்கள்தான் அடுத்த நாள் லிப்டில் முகம் கொடுக்க வேண்டியிருந்தது. மே மாதம் மாகாணம் இரண்டு வாரம் மொத்த மருந்தில் பாதியைத் தொற்று மிகுந்த பகுதிகளுக்கு ஒதுக்கியபோதுதான் நிலைமை திரும்பியது. அந்த முடிவு ஒரு மாதம் முன்னே வந்திருக்கலாம்.

சரி, இப்போது நிலைமை என்ன? தொற்று அடங்கியதும் பணம் நின்றது. ஒப்பந்தம் முடிந்தது. மூன்றாம் மாடிப் பெண் இப்போது ஒரு பலசரக்குக் கடையில் காசாளர். இன்னும் அவரிடம்தான் அம்மம்மாமார் மருந்துச் சீட்டை நீட்டுகிறார்கள், சம்பளமில்லாமல்.

2003 இல் சார்ஸ் வந்தபோதும் கனடாவில் அது முதலில் பரவியது ஸ்காபரோ மருத்துவமனை ஒன்றில்தான். நாட்டில் 44 பேர் இறந்தார்கள். அடுத்தது எப்போது என்று எவராலும் சொல்ல முடியாது. வந்த பிறகு ஆள் தேடி, பயிற்சி கொடுத்து, முகம் பழக்கி எடுக்க மாதக்கணக்காகும் என்பதை மட்டும் பட்டுத் தெரிந்துகொண்டோம்.

ஆகவே எங்கள் முதல் வேண்டுகோள்: மால்வேர்ன் வட்டாரத்தில் வசிப்பவர்களையே, அவர்களில் குறைந்தது இருவர் தமிழ் பேசுவோராக, உங்கள் அலுவலகத்தின் நிரந்தரச் சம்பளத்தில் சுகாதாரத் தூதர்களாக நியமியுங்கள். தொற்று இல்லாத காலத்தில் அவர்களுக்கு வேலை இருக்காது என்று கணக்காளர்கள் சொல்லக்கூடும். நீரிழிவு, இரத்த அழுத்தம், புற்றுநோய்ப் பரிசோதனை, குளிர்கால ஊசி, எல்லாமே கிடக்கிறது. தமிழில் வெளியிடும் அறிவித்தல்களை அச்சுக்கு அனுப்புமுன் அவர்கள் ஒருமுறை வாசித்துப் பார்க்கட்டும். "முகாம்" அப்போதே அடிபட்டுப் போகும். எங்களுக்கு மட்டும் என்று கேட்கவில்லை. பக்கத்துக் கதவில் இருக்கும் யமேக்கர்களுக்கும் பிலிப்பீனியர்களுக்கும் இதே தேவை உண்டு.

தரவைப் பற்றியும் ஒரு வார்த்தை. "தெற்காசியர்" என்ற ஒரே பெட்டிக்குள் பஞ்சாபியரும் வங்காளிகளும் நாங்களும் கிடக்கிறோம். தமிழருக்கு என்ன நடந்தது என்று அந்த எண்ணிலிருந்து எவராலும் சொல்ல முடியாது. இனத்தோடு வீட்டு மொழியையும் கேளுங்கள். அஞ்சல் குறியீட்டு வாரியாகத் தொகுத்து, எவரும் அடையாளம் காணப்படாதபடி வெளியிடுங்கள். எங்கள் விபரத்தைக் கொடுக்க நாங்கள் தயார். குடிவரவு அதிகாரிகளுக்குப் போகாது என்ற உத்தரவாதம் மட்டும் எழுத்தில் வேண்டும்.

ஊதியத்துடனான நோய் விடுப்பு உங்கள் கையில் இல்லை என்பது தெரியும். 2021 இல் நகரச் சுகாதார வாரியம் அதை மாகாணத்திடம் கேட்டது. மாகாணம் மூன்று நாள் கொடுத்தது, அதையும் 2023 மார்ச் 31 உடன் நிறுத்திக்கொண்டது. காய்ச்சலோடு வேலைக்குப் போகிறவருக்கு எந்தத் தூதர் என்ன சொன்னாலும் வாடகை கட்ட வேண்டுமே. மறுபடியும் கேளுங்கள், எங்கள் கையொப்பங்களையும் சேர்த்து அனுப்புங்கள்.

இதைப் பற்றி நேரில் பேச ஒரு கூட்டம் ஒழுங்கு செய்து தரும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். மால்வேர்னிலேயே, வார நாளில் என்றால் இரவு ஏழு மணிக்குப் பிறகு வைத்தால் நல்லது. பகலில் எங்களில் பெரும்பாலோர் வேலையில் இருப்போம். தேநீரும் வடையும் எங்கள் பொறுப்பு. மொழிபெயர்ப்பாளரை மட்டும் நீங்கள் அழைத்து வாருங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மால்வேர்ன் வட்டாரத் தமிழ்க் குடியிருப்பாளர்கள்

இணைப்பு: கையொப்பத் தாள்கள், ஆங்கில மொழிபெயர்ப்பு