வட்டார ஆசிரியர் மன்றம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களே, செயற்குழுத் தோழர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழு காலாண்டுக்கு ஒரு முறை தவறாமல் கூடியது. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். பணிநிறைவு பெற்றவர்களுக்குப் பாராட்டு விழாவும் வழக்கம்போல் நடந்தது.

சென்ற பொதுக்குழுவில் ஒரு மூத்த ஆசிரியை கேட்டார்: "இத்தனை கணினி, செயலிப் பயிற்சிக்குப் போய் வந்தோமே, வகுப்பில் என்ன மாறியது?" இந்த ஆண்டு வேலை முழுவதும் அந்தக் கேள்வியைச் சுற்றித்தான் நடந்தது.

கருவிகளுக்குக் குறைவில்லை. 2017இல் பாடங்களும் ஆசிரியர் பயிற்சிகளும் உள்ள தீக்ஷா இணையதளம் வந்தது. 2018இல் புதிய பாடநூல்களில் கியூஆர் குறியீடு, 2019இல் கல்வித் தொலைக்காட்சி, 2023இல் பாடக் காணொளிகளுக்கான மணற்கேணி செயலி என்று வரிசையாக வந்தன. 2024இல் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்குக் கைக்கணினியும் (டேப்லெட்) கொடுத்தார்கள். ஆனால் நாம் காலையில் கைபேசியை எடுப்பது எதற்கு? வருகைப் பதிவுக்கு. அப்புறம் பள்ளி, மாணவர் விவரங்களுக்கான அரசின் எமிஸ் தளத்தில் விவரம் ஏற்ற. பயிற்சிகளிலும் செயலியைத் தரவிறக்குவது, உள்நுழைவது, சான்றிதழ் எடுப்பது வரை சொல்லிக்கொடுத்தார்கள். ஏழாம் வகுப்பு மின்னோட்டவியலில் எந்த இடத்தில் அதைத் திறக்க வேண்டும், எப்போது மூடிவிட்டுப் பிள்ளைகளைப் பேசவிட வேண்டும் என்பதை யாரும் தொடவில்லை.

அதனால் சனிக்கிழமைக் கூடுகைகளில் உரைகளை நிறுத்திவிட்டோம். ஒரு பாடம், ஒரு கருவி, அவ்வளவுதான். கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் (PhET) பாவனைப் பயிற்சிகளில், அதாவது சோதனைகளைத் திரையில் செய்து பார்க்கும் மென்பொருளில், மின்சுற்று அமைப்பதை முதலில் எடுத்தோம். இலவசம், ஒரு முறை தரவிறக்கிக்கொண்டால் இணையம் இல்லாமலும் ஓடும். நம் பள்ளிகளுக்கு இதுதான் முக்கியம். திரையில் மின்கலத்தின் இரு முனைகளையும் வெறும் கம்பியால் இணைத்தால் தீப்பிடித்துக்கொள்ளும். குறுக்குச் சுற்று என்றால் என்ன என்று பிள்ளைகள் அதற்குப் பிறகு மறப்பதில்லை. ஆனால் உண்மையான பேட்டரியும் பல்பும் கையில் கொடுத்த பிறகே திரைக்கு வர வேண்டும் என்று அறிவியல் ஆசிரியர்கள் வாதாடினார்கள். நானும் அந்தக் கட்சிதான். கணக்குக்கு, வடிவங்களைத் திரையில் வரைந்து நகர்த்திப் பார்க்கும் ஜியோஜீப்ரா மென்பொருளை எடுத்தோம். முக்கோணத்தின் உச்சியை எங்கே இழுத்தாலும் கோணங்களின் கூடுதல் 180 பாகையாகவே நிற்பதைக் காட்டினோம்.

எதிர்பாராமல் கூட்டம் சேர்ந்தது தமிழ்த் தட்டச்சு வகுப்புக்கு. நம்மில் பலர் இன்னமும் பழைய எழுத்துருக்களில்தான் வினாத்தாள் அடிக்கிறோம். அதே கோப்பை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் இன்னொருவர் திறந்தால் புரியாத ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாக வந்து நிற்கும். திரும்ப முதலிலிருந்து அடிக்க வேண்டும். எந்தக் கணினியிலும் எழுத்து மாறாமல் தெரிய உதவும் ஒருங்குறியை (யூனிகோட்) தமிழக அரசு 2010இலேயே ஏற்றுக்கொண்டது. தமிழ்99 விசைப்பலகைக்கு 1999லேயே ஒப்புதல் கிடைத்துவிட்டது. அதில் அ, ம, ம, ஆ என்று நான்கு விசைகளைத் தட்டினால் 'அம்மா' வந்துவிடும். புள்ளி தானாக விழும். இதைப் பார்த்த பிறகுதான் பலர் நம்பி உட்கார்ந்தார்கள். பழைய வினாத்தாள்களை ஒருங்குறிக்கு மாற்றிப் பொதுத் தொகுப்பாக வைக்கும் வேலை தொடங்கியிருக்கிறது, மெதுவாக.

பயிற்றுநர்களை வெளியிலிருந்து அழைக்கவில்லை. நம் உறுப்பினர்களே, தம் வகுப்பில் செய்து பார்த்ததை மட்டும் சொன்னார்கள். ஓடாத திறன்பலகையை (ஸ்மார்ட் போர்டு) வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதுவரை பேச்சு போனது. எந்தப் பயிற்சிக் கட்டகத்திலும் நான் பார்க்காத பகுதி அது.

செயற்கை நுண்ணறிவில் வினாத்தாள் எடுப்பது பற்றி வகுப்பு வேண்டும் என்று இளைய உறுப்பினர்கள் கேட்கிறார்கள். செயற்குழுவில் இரண்டு கருத்து இருக்கிறது. இன்றைய பொதுக்குழு விவாதித்து முடிவு சொன்னால் சரி.

அடுத்த கூடுகையில் ஆறாம் வகுப்புச் சமூக அறிவியல் வரைபடப் பாடம். மடிக்கணினி உள்ளவர்கள் எடுத்து வாருங்கள். பழைய வினாத்தாள் கோப்புகளையும் பென் டிரைவில் கொண்டுவந்தால் அங்கேயே மாற்றித் தருகிறோம்.

இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்