அரையாண்டுத் தேர்வுக்குப் பின்: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்பார்ந்த பெற்றோர்களுக்கு,

வணக்கம். அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்துவிட்டது. சம்பா அறுவடைக்கு ஆள் தேடும் நேரம், வீட்டில் ஆளுக்கொரு வேலை இருக்கும் என்பது தெரியும். இருந்தாலும் இந்தக் கடிதத்தைக் கடைசி வரை படித்துவிடுங்கள். 11-ஆம் வகுப்பில் கணினி அறிவியல் எடுத்திருக்கும் பிள்ளைகளின் பெற்றோர் அவசியம் படிக்க வேண்டும்.

வட்டார விளையாட்டுப் போட்டிகளில் நம் மாணவ மாணவியர் சிறப்பாகப் பங்கேற்றனர். நாட்டு நலப்பணித் திட்ட முகாம் நல்லபடியாக நடந்து முடிந்தது. மழை விடுமுறைக்கு ஈடாகச் சனிக்கிழமை வகுப்புகள் நடத்திப் பாடங்களைச் சரிக்கட்டியிருக்கிறோம். 10, 12-ஆம் வகுப்புகளுக்கு மாலை வகுப்புகள் தொடர்கின்றன. ஒத்துழைத்த எல்லோருக்கும் பாராட்டுகள்.

இனி, இந்தக் கடிதம் எழுதக் காரணமான விஷயத்துக்கு வருகிறேன்.

11-ஆம் வகுப்பில்தான் நம் பிள்ளைகள் முதன்முதலாக நிரல், அதாவது கணினிக்கான புரோகிராம், எழுதக் கற்றுக்கொள்கிறார்கள். மொழி சி++. அரையாண்டை ஒட்டி ஆய்வகத்தில் ஒரு செய்முறைத் தேர்வு வைத்தோம். பலருடைய ரெக்கார்டு நோட்டில் அடித்தல் திருத்தம் ஒன்றுகூட இல்லை, அத்தனை நிரலும் முழுசாக இருந்தது. அதே மாணவரைக் கணினி முன் உட்கார வைத்து, அதே கணக்கை எண்களை மட்டும் மாற்றிக் கொடுத்தால் முதல் நான்கு வரிக்கு மேல் கை ஓடவில்லை. நோட்டில் இருப்பது பிள்ளை எழுதிய நிரல் இல்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

எங்கிருந்து வருகிறது என்பதும் தெரிகிறது. சிலர் மேல் வகுப்பு அண்ணன், அக்காமாரின் பழைய நோட்டைப் பார்த்து எழுதுகிறார்கள். சிலர் பிரவுசிங் சென்டரில் காசு கொடுத்து, அடித்து வைத்திருப்பதை அப்படியே பிரிண்ட் எடுக்கிறார்கள். இப்போது செல்போனில் ஏஐ செயலியிடம் கேள்வியைக் கொடுத்து விடையை வாங்குவதும் சேர்ந்திருக்கிறது. மூன்றையுமே நோட்டைத் திறந்தவுடன் கண்டுபிடித்துவிடலாம். பழைய நோட்டில் 'ஐஓஸ்ட்ரீம் டாட் ஹெச்' என்று தொடங்கி, 'வாய்ட் மெயின்' என்று எழுதி, 'கிளியர் ஸ்கிரீன்' கட்டளை போட்டிருக்கும். அது டர்போ சி++ என்ற பழைய மென்பொருள் காலத்துப் பழக்கம். 1998-இல் சி++ மொழிக்கு முதல் தரநிலை வந்தபோதே அந்த 'டாட் ஹெச்' போய்விட்டது. நம் ஆய்வகத்தில் இருக்கும் டெவ் சி++ மென்பொருளில் அதை அடித்தால் முதல் வரியிலேயே 'அப்படி ஒரு கோப்பு இல்லை' என்று நின்றுவிடும். செல்போனில் வாங்கிய நிரலோ நேர் எதிர்: பாடப்புத்தகத்தில் இல்லாத 'வெக்டர்' போன்றவற்றை வைத்து எழுதியிருக்கும். "இந்த வரி என்ன செய்கிறது?" என்று ஆசிரியர் கேட்டால் பிள்ளை தலை குனிந்து நிற்கிறது. அந்த நிலைக்குப் பிள்ளையை ஆளாக்குவதில் எங்களுக்கு விருப்பமில்லை.

நிரல் கற்றுக்கொள்வது என்பது தவறு செய்து, அந்தத் தவறைக் கண்டுபிடித்துத் திருத்துவதுதான். அதை வேறொருவர் செய்து கொடுத்துவிட்டால் பாடம் என்று மிஞ்சுவது ஒன்றும் இல்லை. நம் ஊருக்குத் தெரிந்த கணக்கு ஒன்றை வைத்தே இதைச் சொல்கிறேன்.

செய்முறைத் தேர்வில் கொடுத்த கேள்வி இது: நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்கு ஒரு விவசாயி நெல் கொண்டுவருகிறார். ஈரப்பதம் எவ்வளவு, மூட்டை எத்தனை என்று நிரல் கேட்க வேண்டும். மூட்டைக்கு 40 கிலோ. ஈரப்பதம் 17 விழுக்காடு வரை இருந்தால் மொத்த எடையைக் குவிண்டாலில் காட்ட வேண்டும், அதற்கு மேல் போனால் 'காயவைத்துக் கொண்டுவரவும்' என்று சொல்ல வேண்டும். பத்துப் பன்னிரண்டு வரியில் முடியும்.

இதில் மாட்டிக்கொள்ளும் இடங்கள் நான்கு. ஈரப்பதத்தை முழு எண் மாறியாக (மாறி என்பது நிரலில் ஒரு மதிப்பைப் போட்டு வைக்கும் பெயரிட்ட இடம்), அதாவது 'இன்ட்' என்று அறிவித்துவிட்டு 17.8 என்று உள்ளீடு கொடுத்தால், கணினி 17-ஐ மட்டும் எடுத்துக்கொள்ளும். வாங்கக் கூடாத நெல்லை வாங்கச் சொல்லும். மிச்சமிருக்கும் '.8' உள்ளீட்டு வரிசையிலேயே நின்று அடுத்த கேள்வியைக் கெடுக்கும்: மூட்டை எத்தனை என்று தட்டச்சு செய்யக் காத்திராமலே நிரல் ஓடி முடிந்துவிடும். பார்க்கிற பிள்ளைக்குக் கணினியே கெட்டுவிட்டது போலத் தோன்றும். தசம எண்ணையும் ஏற்கும் 'ஃப்ளோட்' அல்லது 'டபுள்' என்று ஒரு சொல்லை மாற்றினால் சரியாகிவிடும்.

அடுத்தது, '<=' போட வேண்டிய இடத்தில் '<' போடுவது. முதலாவது '17 வரை' என்று பொருள்படும், இரண்டாவது '17-க்குக் கீழே மட்டும்' என்று பொருள்படும். 16 கொடுத்தால் சரி, 18 கொடுத்தாலும் சரி. சரியாக 17 கொடுத்தால்தான் தப்பு வெளியே வரும். அதனால்தான் எல்லை எண்ணைக் கொடுத்துப் பார்க்காமல் நிரல் முடிந்தது என்று சொல்லக் கூடாது என்று ஆசிரியர் திரும்பத் திரும்பச் சொல்கிறார். மூன்றாவது, வகுத்தல். 23 மூட்டை என்றால் 920 கிலோ, அதாவது 9.2 குவிண்டால். கிலோவை முழு எண் மாறியில் வைத்து 100 என்ற முழு எண்ணால் வகுத்தால் சி++ தருவது 9 மட்டும். 20 கிலோ நெல் காணாமல் போயிருக்கும். 100 என்பதை 100.0 என்று எழுதினால் போதும். எரர், அதாவது கணினி காட்டும் பிழைச் செய்தி, எதுவும் வராது என்பதால் இந்தத் தவறுதான் பிள்ளைகளை அதிகம் ஏமாற்றுகிறது.

நான்காவது, இதே நிரலை நீட்டிப் பல விவசாயிகளின் நெல்லைக் கூட்டும்போது மொத்தம் என்ற மாறிக்குத் தொடக்கத்தில் சுழியம் கொடுக்காமல் விடுவது. நினைவகத்தில் அந்த இடத்தில் ஏற்கெனவே கிடந்த ஏதோ ஓர் எண்ணோடு சேர்த்துக் கூட்டும், சம்பந்தமில்லாத விடை வரும். ஒரு கணினியில் சரியாக ஓடியது இன்னொன்றில் தப்பாக ஓடுவதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம்.

இந்த நான்கில் ஒன்றையாவது சொந்தமாகக் கண்டுபிடித்துத் திருத்திய பிள்ளைக்கு அது மறக்காது. பிரிண்ட் எடுத்த நோட்டில் இவை எதுவும் கண்ணில் படாது.

11-ஆம் வகுப்புப் பொதுத்தேர்வு 2025-26 முதல் இல்லை என்றானதால், "இந்த வருடம் எப்படியாவது தள்ளிவிடலாம், அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்" என்ற எண்ணம் பரவியிருக்கிறது. பெற்றோர் சிலரும் அப்படிச் சொல்கிறார்கள். 12-ஆம் வகுப்பில் பைத்தான் மொழியும் தரவுத்தளமும் வருகின்றன. அங்கே நிபந்தனை, மடக்கு (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் பகுதி), செயற்கூறு (ஒரு வேலைக்கெனப் பெயரிட்டு எழுதும் சிறு பகுதி) என்றால் என்னவென்று மறுபடி ஆற அமரச் சொல்லித்தர நேரம் இருக்காது. சி++-இல் ஒரு மடக்கை நிறுத்தத் தெரியாத பிள்ளை பைத்தானிலும் அதே இடத்தில்தான் நிற்கும். 12-ஆம் வகுப்புச் செய்முறைத் தேர்வுக்கு 20 மதிப்பெண். அந்த அறைக்குள் அண்ணன் நோட்டும் வராது, செல்போனும் வராது.

ஆகவே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இந்த மாதம் முதல் தட்டச்சு செய்து பிரிண்ட் எடுத்து ஒட்டிய ரெக்கார்டு ஏற்கப்படாது. ஒவ்வொரு நிரலுக்கும் இடது பக்கத்தில், பிள்ளை கையால் எழுதிய மாறிகளின் அட்டவணை இருக்க வேண்டும். எந்த வரியில் எந்த மாறியின் மதிப்பு என்னவாக மாறுகிறது என்று குறைந்தது இரண்டு உள்ளீடுகளுக்கு எழுத வேண்டும், அதில் ஒன்று எல்லை எண்ணாக இருக்க வேண்டும். நிரலை ஓட்டியபோது வந்த எரரையும் அதைத் திருத்திய விதத்தையும் கீழே எழுத வேண்டும். அடித்தல் திருத்தத்துக்கு மதிப்பெண் குறையாது. ஆசிரியர் ஒரு வரியைக் காட்டிக் கேட்டால் விளக்கத் தெரியாத நிரலுக்குக் கையெழுத்து கிடையாது. யார் வந்து பேசினாலும் இதில் மாற்றம் இல்லை.

ஆய்வகத்துக்குள் செல்போன் கொண்டுவந்தால் வாங்கி வைத்து, பெற்றோர் நேரில் வந்தால் மட்டுமே திருப்பித் தருவோம். ஏஐ செயலியை வீட்டில் தொடவே கூடாது என்று சொல்லவில்லை. வந்திருக்கும் எரருக்கு என்ன அர்த்தம் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். நிரலை எழுதித் தா என்று கேட்பதுதான் கூடாது.

பிரவுசிங் சென்டருக்குக் காசு கொடுத்த பெற்றோர் யாரும் தப்பான எண்ணத்தில் கொடுக்கவில்லை. "ரெக்கார்டு முடிக்கணும், நாளைக்குக் கடைசி நாள்" என்று பிள்ளை வந்து நின்றால் எந்த அப்பா அம்மாவும் அதைத்தான் செய்வார்கள். அந்தக் கடைசி நாள் நெருக்கடி வராதபடி, இனி இரண்டு வாரத்துக்கு ஒரு முறை நோட்டைப் பார்த்துக் கையெழுத்திடுவோம்.

"எங்களுக்குக் கம்ப்யூட்டர் தெரியாதே, நாங்கள் எப்படிப் பார்ப்பது?" என்று கேட்கலாம். நிரல் தெரிய வேண்டியதில்லை, விடை உங்களுக்குத் தெரியும். 23 மூட்டை எத்தனை குவிண்டால் என்று உங்களுக்குச் சொல்லித்தர வேண்டுமா? பிள்ளையை நோட்டும் பென்சிலுமாக உட்கார வைத்து, "ஈரம் 17, மூட்டை 23, உன் நிரல் என்ன சொல்லும்? ஒவ்வொரு வரியாகச் சொல்லு" என்று கேளுங்கள். விடை உங்கள் கணக்கோடு ஒத்துவராவிட்டால் எந்த வரியில் மாறுகிறது என்று பிள்ளையே தேடட்டும். ஒரு வேலி நிலம் 20 மா, ஒரு மா 100 குழி என்று வீட்டுக் கணக்கு எதைக் கொடுத்தாலும் சரி. நிரலைச் சோதிப்பது என்பது இதுதான்: விடை முன்கூட்டியே தெரிந்த கணக்கைக் கொடுத்துப் பார்ப்பது. வாரம் இரண்டு நாள், இருபது நிமிடம் போதும்.

இதற்காகக் கடன் வாங்கி லேப்டாப் வாங்க வேண்டாம். முதல் ஆண்டுப் பாடத்தில் பாதிக்கு மேல் காகிதத்திலேயே செய்து பார்க்க முடியும். செவ்வாய், வியாழன் மாலை 4.30 முதல் 5.30 வரை ஆய்வகம் திறந்திருக்கும். கிராமப் பேருந்தைப் பிடிக்க வேண்டிய பிள்ளைகளுக்கு மதிய இடைவேளையில் கணினி ஒதுக்கித் தருகிறோம். பெயரைக் கணினி ஆசிரியரிடம் கொடுத்தால் போதும். வரும்போது காகிதத்தில் எழுதிய நிரலோடு வர வேண்டும். எரர் நிறைய வந்தால் பதற வேண்டாம், முதல் எரரை மட்டும் திருத்தி மறுபடி ஓட்டினால் கீழே இருப்பவற்றில் பாதி தானாகப் போய்விடும். செமிகோலன் விட்டுப்போனால் எரர் பெரும்பாலும் அடுத்த வரியைத்தான் காட்டும், ஆகவே அதற்கு மேல் வரியையும் பார்க்கச் சொல்லுங்கள்.

இதுவரை பிரிண்ட் ஒட்டியிருப்பவர்கள் பயப்பட வேண்டாம். பழையதற்காக யாரையும் தண்டிக்கப் போவதில்லை. ஜனவரி இறுதிக்குள் எவையேனும் ஐந்து நிரல்களை மேலே சொன்ன முறையில் சொந்தமாக எழுதிக் காட்டினால் அந்த நோட்டை ஏற்றுக்கொள்வோம்.

பொங்கல் விடுமுறைக்கு அடுத்து வரும் சனிக்கிழமை காலை 10 மணிக்கு, 11-ஆம் வகுப்புக் கணினி அறிவியல் மாணவர்களின் பெற்றோர் கூட்டம் நடக்கும். பிள்ளையும் ரெக்கார்டு நோட்டோடு வரட்டும். அறுவடை காரணமாக வர முடியாதவர்கள் தாத்தா, பாட்டி, அண்ணன், அக்கா என்று வீட்டிலிருந்து யாரையாவது அனுப்பிவையுங்கள்.

வயல் வேலைக்கும் கடை வேலைக்கும் நடுவில் பிள்ளைகளைத் தவறாமல் பள்ளிக்கு அனுப்புகிறீர்கள். தண்ணீர் சூழ்ந்த நாட்களிலும் அழைத்து வந்து விட்டுப் போனீர்கள். அதற்குப் பள்ளியின் சார்பில் மனமார்ந்த நன்றி. உங்கள் குடும்பத்தார் அனைவருக்கும் பொங்கல் வாழ்த்துகள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்

பி.கு.: கீழே உள்ள ஒப்புகைச் சீட்டில் கையெழுத்திட்டுப் பிள்ளையிடம் கொடுத்தனுப்பவும். மாலையில் ஆய்வகத்தில் இருந்து செல்லச் சம்மதமா, வீடு திரும்பும் பேருந்து எத்தனை மணிக்கு என்பதையும் அதிலேயே எழுதிவிடவும்.