வெறும் வட்டம் போதும்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் வண்ணம் தீட்டுவதற்கென மண்டல ஓவியம், அதாவது வட்டத்துக்குள் கோலம்போல் விரியும் சித்திரம், போடுகிறீர்கள். சரி, பொழுது போகிறது. ஆனால் கோடு முழுவதையும் நீங்களே போட்டுவிட்டால் எங்களுக்கு என்ன மிச்சம்? உளவியல் அறிஞர் கார்ல் யுங் 1918-19இல் சுவிட்சர்லாந்தில் ராணுவப் பணியில் இருந்தபோது, தினமும் காலையில் நோட்டில் சிறு வட்டச் சித்திரம் ஒன்றைத் தானே வரைந்தார். அன்றைய மனநிலையை அதில் பார்த்தார்.

நான் இரவு அடுப்படி வேலை முடிந்ததும் எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்து வட்டம் போட்டு, நடுவிலிருந்து ஆரம்பிப்பேன். மாமியாரோடு உரசல் என்றால் சிவப்பு ஓரம்வரை ஓடிவிடும். மும்பை மழைக்காலத்தில் போஸ்டர் கலர் லேசில் காயாது. அவசரப்பட்டால் பக்கத்து நிறத்தோடு ஈஷிக்கொள்ளும். காயட்டும் என்று சும்மா உட்கார்ந்திருப்பேன் பாருங்கள், தியான வகுப்பில்கூட அது எனக்கு வாய்த்ததில்லை.

அடுத்த வாரம் வெறும் வட்டம் மட்டும் அச்சிடுங்களேன். அப்புறம், காகிதமும் கொஞ்சம் தடிமனாக இருக்கட்டும். பின்பக்க வரன் விளம்பரங்கள் நனைந்துபோகின்றன.

– ஒரு வாசகி, செம்பூர், மும்பை