சயாமிலிருந்து திரும்பிய பெரிய தாத்தாவைக் கண்டுபிடித்துத் தந்தவர்களுக்கு

அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் பெரிய தாத்தா முசிறிப் பக்கத்திலிருந்து கங்காணியோடு (தோட்டத்துக்கு ஆள் பிடிக்கும் மேஸ்திரி) மலாயாவுக்குப் பால் மரம் வெட்ட, அதாவது ரப்பர் பால் எடுக்க, போனவர். இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரன் சயாமுக்கு (இப்போதைய தாய்லாந்து), பர்மாவுக்கு ரயில் ரோடு போடப் பிடித்துக்கொண்டு போனான், அங்கேயே செத்துப்போனார் என்றுதான் வீட்டில் சொல்வார்கள். அப்பாயியின் டிரங்குப் பெட்டியில் கிடைத்த அஞ்சலட்டையிலும் பாதி தண்ணீர் பட்டு அழிந்திருந்தது. 'சயாம் ரோட்டு வேலை', 'சுகம்' என்பது மட்டும் தெரிந்தது. தேதி இல்லை.

முதல் நன்றி, தபால்தலை சேகரிக்கும் காரைக்குடி நண்பருக்கு. அட்டையில் ஒட்டியிருந்த தபால்தலையின் மேல் கூடுதலாக அச்சடித்திருந்த 'பி.எம்.ஏ. மலாயா' என்ற எழுத்துகளைப் பூதக்கண்ணாடி வைத்துக் காட்டினார். போர் முடிந்ததும் மலாயாவை ஆண்ட பிரிட்டிஷ் ராணுவ நிர்வாகம் (சுருக்கமாக பி.எம்.ஏ.) வெளியிட்டது. 1945-இல் ஜப்பான் சரணடைவதற்கு முன்னால் இப்படி ஒரு தலையே புழக்கத்தில் கிடையாதாம். அப்படியென்றால் மனுஷர் உயிரோடு திரும்பியிருக்கிறார்!

மங்கிப்போன முத்திரையில் 'தெலுக் ஆன்சன்' என்று படித்த ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் ஐயாவுக்கும், அது இப்போது மலேசியாவில் இருக்கும் தெலுக் இந்தான் என்று சொன்ன, அதே நாட்டு ஈப்போ ஊர்த் தம்பிக்கும் நன்றி. தம்பி சொன்னதோடு விடவில்லை. லீவு நாளெல்லாம் மோட்டார் சைக்கிளில் தோட்டம் தோட்டமாக அலைந்து, தாத்தாவை நேரில் பார்த்த ஒரு பாட்டியைப் பிடித்துவிட்டார்.

பாட்டிக்கு அவர் 'சயாம்காரர்'. முழங்காலுக்குக் கீழே சதை போய்க் குழி விழுந்திருக்குமாம், சயாமில் வந்த புண். நாளுக்கு ஒரு வெள்ளி (மலாயா டாலர்) கூலி என்று ஆசை காட்டி, சரக்கு வண்டியில் அடைத்து, அந்த ரயில் பாதை தொடங்கும் சயாம் ஊரான பான்போங் வரை கொண்டுபோனார்களாம். 1943 மழையில் காலரா வந்தபோது பக்கத்தில் படுத்தவன் காலையில் எழுந்திருக்க மாட்டான் என்பாராம். இதற்கு மேல் அவர் பேசியதில்லை. திரும்பி வந்து அதே தோட்டத்தில் கல்யாணம், பிள்ளைகள் எல்லாம் நடந்திருக்கிறது. பாட்டி, உங்கள் ஞாபகத்துக்கு என்ன கைம்மாறு செய்வேன்!

அந்த ரயில் பாதை போகும் தாய்லாந்து ஊரான காஞ்சனபுரியிலிருந்து படங்கள் அனுப்பிய அண்ணனுக்கும் நன்றி. 415 கிலோமீட்டர் ரயில் பாதையில் போர்க்கைதிகளாக வேலை செய்து செத்த வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்குப் பேர் பொறித்த கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. அவர்களைவிடப் பல மடங்கு செத்த கூலிக்காரர்களுக்கு அப்படி இல்லை. தமிழர்களுக்கென்று நடுகல் வந்ததே 2023-இல்தான். எனக்கு இது ஆறவில்லை.

தாத்தாவின் பேரன் குடும்பத்தோடு தைப்பொங்கலுக்கு முசிறி வருகிறார். மேலே சொன்ன எல்லோரும் அவசியம் வர வேண்டும். தங்க இடமும் சாப்பாடும் நம் வீட்டில்தான்.