கதிருக்கு, அந்த மூன்று படங்களைப் பற்றி

பிடோக், சிங்கப்பூர்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள கதிர்,

குடும்பக் குழுவில் நீ போட்ட மூன்று படங்களையும் பார்த்தேன். சூரியனுக்குப் பக்கத்தில் சிறகு விரித்த ‘கலம்’, செவ்வாய்ப் பாறையில் ‘வாசல்’, வெப் தொலைநோக்கிப் படத்தில் நடுவில் ஓட்டை விழுந்த நட்சத்திரம். பெரியப்பா சிரிப்பு முகம் போட்டுவிட்டுப் போய்விட்டார். நீ கோபப்பட்டு, “நாசா சொல்வதைக் கேள்வியே கேட்கக் கூடாதா?” என்று எழுதியிருந்தாய். கேட்கலாம், தாராளமாகக் கேள். ஆனால் நீ கேள்வி கேட்டது படத்தை இல்லை. பத்துக் கை மாறி வந்த நகலை. வாட்ஸ்அப் ஒவ்வொரு தடவையும் படத்தைச் சுருக்கும். ஜேபெக் முறை படத்தை 8×8 பிக்சல் கட்டங்களாக வெட்டித்தான் சுருக்குகிறது. அதைப் பெரிதாக்கினால் நேர்கோடும் செங்கோணமும் தானாக முளைக்கும். செவ்வாயில் ‘கட்டடம்’ பார்த்தவர்களில் பலர் பார்த்தது இந்தக் கட்டங்களைத்தான். தெளிவாக்கித் தருகிறேன் என்று சொல்லும் ஃபோன் செயலிகள் இன்னும் மோசம், இல்லாத விவரத்தை வரைந்தே கொடுத்துவிடும்.

அதனால் முதலில் படத்துக்கு அடையாளம் கேள். செவ்வாய் ஊர்தி என்றால் எத்தனையாவது சோல் (செவ்வாய் நாள்), எந்தக் கேமரா. சூரியனைப் பார்க்கும் சோஹோ விண்கலம் என்றால் தேதியும் உலக நேரமும் (யூடிசி). வெப் என்றால் ஆய்வுத் திட்ட எண்ணும் ஒளி வடிகட்டியும். இது இல்லாத படத்தைப் பற்றி கோப்பிக்கடையில் பேசலாம், வேறெங்கும் பேசாதே.

கோப்பின் பெயரே நிறையச் சொல்லும். வைக்கிங் 1 விண்கலம் எடுத்த ‘செவ்வாய் முகம்’ (மனித முகம் மாதிரித் தெரிந்த குன்று) தெரியும் அல்லவா? 1976 ஜூலை 25ஆம் தேதிப் படம், எண் 035ஏ72. முன்னால் உள்ள 035 என்பது எத்தனையாவது சுற்று என்பது. சில மணி நேரம் கழித்து எடுத்த படத்தில் முகம் காணாமல் போய்விட்டது என்று அப்போது நாசா அதிகாரிகள் பேச்சுவாக்கில் சொன்னது நாளிதழ்களில் வந்தது. வின்சென்ட் டிபியட்ரோ, கிரிகரி மோலனார் என்ற இரண்டு பொறியாளர்கள் அதை நம்பாமல் ஆவணக் காப்பகத்தைத் தோண்டினார்கள். 070ஏ13 கிடைத்தது. 35 சுற்று தள்ளி, வெயில் வேறு உயரத்தில் இருந்தபோது எடுத்த படம். அதிலும் அந்தக் குன்று முகம் மாதிரியே இருந்தது. அந்த அளவில் சந்தேகப்பட்டவர்கள் சொன்னதுதான் சரி, அதிகாரிகள் அசட்டையாகப் பேசியிருந்தார்கள். ஆனால் முகம் செதுக்கியது என்ற முடிவு நிற்கவில்லை. வைக்கிங் படத்தில் ஒரு பிக்சல் ஏறக்குறைய 50 மீட்டர். ‘மூக்குத் துளை’ என்று சொன்ன கரும்புள்ளி, பூமிக்கு வரும் வழியில் தரவு விழுந்துபோன இடம். அதே மாதிரிப் புள்ளிகள் படம் முழுக்க மிளகு தூவினாற்போல் இருக்கின்றன. 2001இல் மார்ஸ் குளோபல் சர்வேயர் விண்கலம் அதே இடத்தை ஒரு பிக்சலுக்கு 1.56 மீட்டர் அளவில் எடுத்தது. அதில் இருப்பது தேய்ந்துபோன ஒரு மேசைக்குன்று.

இனி உன் படங்கள். சிறகுக் கலத்தில் கொஞ்சம் நின்று பார்ப்போம், நீயே முழுசாகச் சோதிக்கக்கூடியது அதுதான்.

அது சோஹோ விண்கலத்தின் லாஸ்கோ சி3 கேமரா. ஒரு தட்டு சூரியனை மறைக்கும், சுற்றியுள்ள மங்கல் ஒளியைக் கேமரா பதிவு செய்யும். மங்கலைப் பிடிப்பதற்காக வைத்த அமைப்பில் வெள்ளியோ வியாழனோ உள்ளே வந்தால் அந்த இடத்துப் பிக்சல்கள் நிரம்பிவிடும். வாளி நிரம்பினால் தண்ணீர் பக்கத்து வாளிக்கு வழிகிற மாதிரி, மின்னூட்டம் பக்கத்துப் பிக்சல்களுக்கு வழியும். ஆனால் நான்கு பக்கமும் வழியாது; சென்சரின் அமைப்பினால் ஒரே திசையில்தான் வழியும். அதனால்தான் இரண்டு பக்கமும் கிடைமட்டமாகச் ‘சிறகு’.

சரி, நான் சொல்வதை நம்பாதே. வானத்தைக் காட்டும் மென்பொருளான ஸ்டெல்லேரியத்தைத் திற. படத்தின் நேரத்தைப் போடு. இங்கேதான் எல்லாரும் வழுக்குவார்கள்: சோஹோ நேரம் உலக நேரம். நீ இருக்கும் பெர்த்தும் சிங்கப்பூரும் 8 மணி நேரம் முன்னால், அதனால் படத்தில் 16:00 என்றிருந்தால் உனக்கு நள்ளிரவு, தேதியே மாறிவிடும். வளிமண்டலத்தையும் தரையையும் அணைத்துவிட்டு, சூரியனை நடுவில் வைத்து, பார்வைப் பரப்பை 16 பாகைக்குக் கொண்டு வா. சி3 படத்தின் அகலம் அவ்வளவுதான். கலம் நிற்கிற இடத்தில் ஒரு கோள் இருந்தால் பாதி வேலை முடிந்தது. சோஹோ பூமியிலிருந்து சூரியப் பக்கமாக 15 லட்சம் கி.மீ. தள்ளி நிற்கிறது. அதனால் கோளின் இடம் கொஞ்சம் விலகும். அதற்காக ‘பொருந்தவில்லை’ என்று குதிக்காதே.

மீதிப் பாதி, அடுத்தடுத்த படங்கள். படம் 1024 பிக்சல் அகலம், அதனால் 1 பாகை என்பது 64 பிக்சல். பின்னணி விண்மீன்கள் நாளுக்கு ஏறக்குறைய 1 பாகை நகரும். உன் கலம் எவ்வளவு நகர்கிறது என்று மூன்று நாள் படங்களில் அள. கோள் என்றால் அதன் நகர்வு ஸ்டெல்லேரியம் காட்டுவதோடு ஒத்துப்போகும், சிறகும் கூடவே வரும், எப்போதும் படச்சட்டத்துக்குக் கிடையாகவே இருக்கும். ஒரே ஒரு படத்தில் இருந்துவிட்டு அடுத்ததில் காணாமல் போனால் அது காஸ்மிக் கதிர். வேகமாக வரும் துகள் சென்சரில் இடித்த தழும்பு அது. செங்குத்தாக இடித்தால் புள்ளி, சாய்ந்து இடித்தால் கோடு. பெரிய சூரிய வெடிப்புக்குப் பிறகு படம் முழுக்கப் பனி கொட்டின மாதிரி ஆகிவிடும்.

இதே படங்களைத்தான் வேறு கொஞ்சம் பேரும் வருடக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பல படங்களில் வரிசையாக, ஒழுங்கான வேகத்தில் நகர வேண்டும் என்ற ஒரே கட்டுப்பாட்டை வைத்துக்கொண்டு. 2024 மார்ச்சில் சோஹோவின் வால்நட்சத்திரக் கணக்கு 5,000 ஆனது. அவற்றில் பெரும்பாலானவற்றைக் கண்டுபிடித்தது சம்பளம் வாங்காத ஆர்வலர்கள்தான்.

வாசல் விஷயத்துக்குக் கணக்குப் போதும். அது கியூரியாசிட்டி ஊர்தி 2022 மே 7ஆம் தேதி ஷார்ப் மலையில் எடுத்தது. உயரம் ஏறக்குறைய 30 செ.மீ., பள்ளிக்கூட அடிக்கோல் ஒன்றின் நீளம். பரவிய நகலில் சுற்றுப்புறத்தை வெட்டிவிட்டார்கள். முழுப் படத்தில் அந்தப் பாறை முழுக்க நேரான வெடிப்புகள். இரண்டு மூன்று வெடிப்புகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் ஒரு துண்டு கழன்று விழுந்தால் வாசல் மாதிரித்தான் இருக்கும்.

இந்த அளவை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கற்றுக்கொள், பாதி வதந்தி அங்கேயே செத்துவிடும். கியூரியாசிட்டி வழி பார்க்கும் கேமராவான நாவ்கேமில் ஒரு பிக்சல் 0.82 மில்லிரேடியன் (ஒரு மில்லிரேடியன் என்பது 1 மீட்டர் தூரத்தில் 1 மி.மீ. பிடிக்கும் கோணம்). 10 மீட்டர் தூரத்தில் அது 8.2 மி.மீ. இன்னொரு கேமராவான மாஸ்ட்கேமின் 100 மி.மீ. லென்ஸில் 0.074 மில்லிரேடியன், அதே தூரத்தில் 0.74 மி.மீ. பொருள் எத்தனை பிக்சல் என்று எண்ணிப் பெருக்கினால் அளவு வந்துவிடும். ஆனால் தூரம் தெரிய வேண்டுமே? நாவ்கேமுக்கு இரண்டு கண், இடைவெளி 42 செ.மீ. ஒரே பாறை இடது படத்திலும் வலது படத்திலும் எத்தனை பிக்சல் விலகி நிற்கிறது என்று பார். 10 மீட்டரில் 52 பிக்சல் விலகும், 100 மீட்டரில் வெறும் 5. அங்கே எண்ணுவதில் ஒரு பிக்சல் தப்பினால் தூரத்தில் 20 விழுக்காடு தப்பும். தொலைவில் தெரியும் ‘கோபுரங்களின்’ உயரத்தை மீட்டரில் அடித்துச் சொல்பவர்களிடம் இந்த ஒரு கணக்கை மட்டும் கேட்டுப் பார்.

இரண்டு கண் இருப்பதில் இன்னொரு லாபம். கோப்புப் பெயர் என்எல் என்று தொடங்கினால் இடது, என்ஆர் என்றால் வலது. 2014 ஏப்ரலில் தொடுவானத்தில் ‘விளக்கு’ தெரிந்தது என்று பெரிய ஆர்ப்பாட்டம். வலது கண்ணில் மட்டும் இருந்தது. ஒரு விநாடிக்குள் எடுத்த இடது படத்தில் இல்லை. துகள் இடித்ததோ, பாறையில் வெயில் பட்டு மின்னியதோ, விவாதிக்கலாம். ஆனால் இடது படத்தைக் காட்டாமல் வலதை மட்டும் காட்டுகிறவனோடு விவாதிக்க ஒன்றுமில்லை.

நட்சத்திரத்தின் ஓட்டை. பொதுவில் வெளியான வெப் தரவு மாஸ்ட் என்ற இணையக் காப்பகத்தில் எல்லாருக்கும் கிடைக்கும். பெயர் கேல் (cal) என்று முடியும் ஃபிட்ஸ் (வானியல் பட வடிவம்) கோப்பை இறக்கு. அதற்குள் அடுக்குகள் இருக்கும்: எஸ்சிஐ என்பது படம், டிகியூ என்பது ஒவ்வொரு பிக்சலின் தரக் குறிப்பு. டிஎஸ்9 மென்பொருளில் திறந்து ஓட்டையின் மேல் சுட்டியை வைத்தால் எண்ணுக்குப் பதிலாக ‘நான்’ (NaN, ‘எண் அல்ல’ என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று வரும். பூச்சியம் அல்ல, மதிப்பே இல்லை என்று அர்த்தம். இப்போது டிகியூ அடுக்கில் அதே இடத்தைப் பார். 1 என்றால் பயன்படுத்தாதே, 2 என்றால் நிரம்பி வழிந்தது. எண்கள் கூடி வரும், அதனால் 3 என்றால் இரண்டும். அந்த நட்சத்திரம் அந்தக் கேமராவுக்கு மீறின வெளிச்சம், நடுவில் அளக்க முடியவில்லை, படம் செய்தவர் அங்கே கறுப்பை விட்டுவிட்டார். ஒன்று கவனி: சிரில் மென்பொருளில் பார்த்தால் தானாக வெளிச்சம் கூட்டிக் காட்டும், அது திரைக்கு மட்டும். அந்தத் தோற்றத்தைப் படமாகச் சேமித்து அதில் பிரகாசத்தை அளந்தால் எல்லாமே தப்பாகும்.

‘நான்’, ‘டிகியூ’ எல்லாம் காகிதத்தில் படித்தால் மண்டையில் ஏறாது. சென்சர் எப்படிப் பொய் சொல்லும் என்பதை உன் கையாலேயே பார்க்க ஒரு வழி இருக்கிறது. கேமராவின் லென்ஸ் மூடியைப் போடு. ஐஎஸ்ஓ 1600, ஒவ்வொன்றும் 30 விநாடி, மூலக் கோப்பு (RAW) வடிவம், 20 படம். வ்யூஃபைண்டர் வழியாக வெளிச்சம் கசியும், கறுப்பு டேப் ஒட்டு. நீண்ட நேரப் படத்துக்கான இரைச்சல் குறைப்பை அணைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் கேமராவே இன்னொரு இருட்டுப் படம் எடுத்துக் கழித்துவிட்டு, சுத்தமான படத்தைக் கொடுத்து உன்னை ஏமாற்றும். ஜேபெக்கில் எடுத்தாலும் அதே கதைதான்.

இருபதையும் அடுக்கிவைத்து ஒவ்வொன்றாகப் புரட்டு. 20 படத்திலும் அதே இடத்தில் மின்னும் சிவப்பு, பச்சை, நீலப் புள்ளிகள் சூடான பிக்சல்கள். ஒரே ஒரு படத்தில் மட்டும் வந்துபோகும் சின்னக் கீறல் இருந்தால் அது துகள். கிடைக்காவிட்டால் இன்னும் 20 எடு. பிறகு ஒரு தடவை குளிரான இரவில் வெளியே வைத்து எடு, ஒரு தடவை அறைக்குள் எடு. சென்சரின் வெப்பம் ஏறக்குறைய 6 பாகை செல்சியஸ் கூடினால் இருட்டிலேயே ஊறும் மின்னோட்டம் இரட்டிப்பாகும். இங்கே நம் வீட்டுத் தாழ்வாரத்தில் இரவிலும் 27, 28 பாகை, எடுத்தால் தீபாவளி மாதிரி இருக்கும். குளிர்காலத்துப் பெர்த்தில் உனக்கு அந்தத் தொல்லை குறைவு.

இவ்வளவும் சொன்னதற்கு, ஆர்வலர்கள் வாயை மூட வேண்டும் என்று அர்த்தம் எடுத்துக்கொள்ளாதே. 2012 மார்ச்சில் செவ்வாயின் விளிம்பில் ஒரு புகைத்திரள் மாதிரிக் கிளம்பியதை முதலில் பார்த்தது வீட்டுத் தொலைநோக்கிக்காரர்கள்தான். உயரம் 200 முதல் 250 கி.மீ. பல பேர், பல இடங்களிலிருந்து, அடுத்தடுத்த நாட்களில் எடுத்த படங்கள் இருந்ததால் யாராலும் தள்ள முடியவில்லை. 2015இல் நேச்சர் இதழில் கட்டுரையாக வந்தது. பனிமேகம், துருவ ஒளி என்று இரண்டு விளக்கம் கொடுத்துவிட்டு, இரண்டுமே செவ்வாயின் மேல்வளிமண்டலம் பற்றி நமக்குத் தெரிந்ததோடு ஒத்துப்போகவில்லை என்று அதிலேயே எழுதினார்கள்.

நாசா படங்களைப் பற்றிய உன் சந்தேகத்துக்கு நெப்டியூன் விஷயத்தில் நியாயம் உண்டு. 1989இல் வாயேஜர் 2 அனுப்பிய படங்களில் மேகம் தெரியவேண்டும் என்று நிறத்தை ஏற்றினார்கள். அப்போது அதைச் சொல்லியும் இருந்தார்கள். வருடங்கள் போகப்போக அந்தக் குறிப்பு உதிர்ந்துவிட்டது, அடர்நீலம் மட்டும் பாடப்புத்தகத்தில் நின்றது. 2024இல் ஆக்ஸ்ஃபோர்டின் பேட்ரிக் இர்வின் குழு ஹபிள், விஎல்டி தொலைநோக்கிகளின் தரவுகளை வைத்துச் சரிசெய்து காட்டியது: யுரேனஸும் நெப்டியூனும் கிட்டத்தட்ட ஒரே வெளிர் பச்சைநீலம்.

வளையம் மாதிரி வந்த எம்87 கருந்துளைப் படத்தையே எதிர்த்துக் கேட்டார்கள், தெரியுமா? கேட்டவர்கள் ஆர்வலர்கள் இல்லை, தொழில்முறை வானியலாளர்கள், ஆனால் கேட்ட விதத்தைப் பார். ஜப்பானின் மியோஷி குழு வெளியான 2017ஆம் ஆண்டுத் தரவை எடுத்துத் தாங்களே படமாக்கி, வளையம் தரவில் இல்லை, படமாக்கும் முறையில் வந்தது என்று 2022இல் எழுதியது. எந்த அமைப்பு எந்த இடத்தில் வளையத்தை உண்டாக்கும் என்பது வரை சொன்னார்கள், அதனால் பதில் சொல்ல முடிந்தது. அந்தப் படத்தை வெளியிட்ட ஈவண்ட் ஹொரைசன் குழு மியோஷியின் ஆய்வில் உள்ள குறைகளைக் காட்டியது. பிறகு 2024இல், கிரீன்லாந்துத் தொலைநோக்கியும் சேர்ந்த 2018ஆம் ஆண்டுத் தரவில் அதே அளவு வளையம் வந்தது, பளிச்சென்ற பகுதி மட்டும் 30 பாகை போல நகர்ந்திருந்தது. எனக்கு வளையம் உண்மை என்றே படுகிறது. ஆனாலும் மியோஷி கேட்டது கேட்கவேண்டிய கேள்வி.

நீயும் அடுத்த தடவை குழுவில் போடுவதற்கு முன்னால் ஒரு தாளில் எழுது: எது கிடைத்தால் நான் சொன்னது தவறு என்று ஒப்புக்கொள்வேன்? பதில் பார்ப்பதற்கு முன்னாலேயே எழுத வேண்டும், தேதி போட்டு.

சிறகுப் படத்தின் நாளும் நேரமும் யாரிடமிருந்தாவது கிடைக்கிறதா பார், கிடைத்தால் இரண்டு பேருமாக அளப்போம். இருட்டுப் படங்கள் எடுத்தால் எனக்கும் அனுப்பு. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாதே, ஆவணமாக அனுப்பு.

அன்புடன்,
அம்மா