மீன்தொட்டி மோட்டார் அட்டையில் பாதிக் கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

மதுரையில் போர் மோட்டார் வாங்கப் போனால், எத்தனை அடி ஆழம், மாடி டேங்க் எவ்வளவு உயரம் என்று கடைக்காரரே துருவித் துருவிக் கேட்பார். மோட்டார் தகட்டிலும் ஹெட் (தண்ணீரை ஏற்றும் உயரம்) இவ்வளவு, தண்ணீர் இவ்வளவு என்று அடித்திருக்கும். மீன்தொட்டி மோட்டாருக்கு மட்டும் 'எத்தனை லிட்டர் தொட்டி?' என்ற ஒரே கேள்வியோடு பெட்டியைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். பெட்டியில் மணிக்கு 2000 லிட்டர், அதிகபட்சம் 2 மீட்டர் என்று போட்டிருந்தால், 2 மீட்டர் உயரத்துக்கு 2000 லிட்டர் ஏறும் என்றுதானே யாரும் நினைப்பார்கள்? ஆனால் அந்த 2000 லிட்டர், உயரமே இல்லாதபோது வருவது. 2 மீட்டரில் சொட்டுத் தண்ணீர் வராது.

மீன்தொட்டிக்குக் கீழே சம்ப் (தண்ணீரை வடிகட்டும் இன்னொரு தொட்டி) வைத்து, அதிலிருந்து மேலே தண்ணீர் ஏற்றுகிறவர்கள் இதில்தான் ஏமாறுகிறார்கள். உயரத்தை மோட்டார் இருக்கும் இடத்திலிருந்து அளக்க வேண்டாம், சம்ப்பின் தண்ணீர் மட்டத்திலிருந்து மேல் தொட்டியின் தண்ணீர் மட்டம் வரை அளந்தால் போதும் (பைப் அதற்கும் மேலே திறந்து கொட்டினால் பைப்பின் வாய் வரை). தொட்டி எவ்வளவு அகலம் என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சாதாரண ஸ்டாண்டில் வைத்த 4 அடி நீளத் தொட்டிக்கு இது ஏறத்தாழ 1 மீட்டர் வரும்.

அதோடு முடிந்ததா என்றால் இல்லை, பைப் தின்பது தனி. அந்தத் தொட்டி சுமார் 250 லிட்டர் பிடிக்கும், தொட்டித் தண்ணீர் முழுவதும் மணிக்கு ஆறு முறை சுற்றிவர வேண்டும் என்றால் 1500 லிட்டர் வேண்டும். 16 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள அரை இஞ்ச் பைப்பில் இவ்வளவு ஓடினால், ஒவ்வொரு மீட்டர் பைப்புக்கும் 35 சென்டிமீட்டர் அளவுக்கு ஹெட் உராய்விலேயே போய்விடும். ஒவ்வொரு எல்போவும் அரை மீட்டர் நேர் பைப்புக்குச் சமம். ஒன்றரை மீட்டர் பைப், மூன்று எல்போ என்று வைத்தால் உராய்வு மட்டுமே 1 மீட்டரைத் தொடும், ஆக மொத்தம் 2 மீட்டர்! அதாவது 2 மீட்டரில் 1500 லிட்டர் தரும் மோட்டார் தேவை, நம் பெட்டி மோட்டாரோ அங்கே பூஜ்யம். அதே வேலைக்கு 25 மில்லிமீட்டர் பைப் போட்டால் உராய்வு 15 சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். மோட்டாரை மாற்றுவதற்கு முன் பைப்பை மாற்றிப் பாருங்கள், கரண்ட் செலவும் மிச்சம்.

சரி, பயந்துகொண்டு பெரிய மோட்டாராக வாங்கிவிடலாமே என்றால், மேலிருந்து இறங்கும் குழாய் அவ்வளவையும் இறக்கியாக வேண்டும். இல்லாவிட்டால் வீட்டுத் தரையில்தான் மீன் வளர்க்க வேண்டியிருக்கும். அப்புறம், கரண்ட் போனதும், மோட்டாரிலிருந்து மேலே ஏறும் ரிட்டர்ன் பைப் வழியாகத் தண்ணீர் கீழே திரும்பும், அதற்கும் சம்ப்பில் காலி இடம் விடுங்கள்.

நான் கேட்பது ஒன்றுதான். அரை மீட்டர், 1 மீட்டர், ஒன்றரை மீட்டரில் எவ்வளவு தண்ணீர் வரும் என்று பெட்டி மேலேயே ஒரு சின்ன அட்டவணை அச்சடிக்கட்டும். அதுவரை கடைக்காரர்களாவது லிட்டரோடு ஸ்டாண்டின் உயரத்தையும் கேட்டு மோட்டார் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
மீன் வளர்க்கும் வாசகர்,
திருநகர், மதுரை